எட்டுக்கு ஒன்று

கூட்டக் குறிப்பு எழுத எங்கள் ஆட்களிடம் ஒரு நடை இருக்கிறது. இன்னார் முன்மொழிந்தார், இன்னார் வழிமொழிந்தார், ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. லண்டனில் நான் போன எந்தச் சங்கத்திலும், பழைய மாணவர் ஒன்றியத்திலும், கோயில் சபையிலும் இந்த மூன்றும் இதே ஒழுங்கில்தான் வரும். தெற்கு லண்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தேன். அந்த ஒன்பது வருடக் குறிப்பும் என் கையெழுத்து. கறுப்பு மட்டை போட்ட நான்கு கொப்பிகள். வெட்டுக்கொத்து இருக்காது, பக்க எண் தவறாது. எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று சொல்லிப் புதிதாக வரும் பெற்றோருக்கு அதை எடுத்துக் காட்டுவார்கள்.

அதைத் தவிர எனக்கென்று ஒரு டயரியும் உண்டு. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரைப் பக்கம். நேரம், வானிலை, யார் வந்தார், என்ன நடந்தது. வேலை ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பகுதியில். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால் பிறந்த தேதியைப் பார்த்து அவர்களின் கோப்புகளைப் பிரித்து வைப்பது என் பொறுப்பு. ஒருவருடைய தாள் இன்னொருவருடைய கோப்புக்குள் போனால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் செய்ததைத் தெரியாமல் செய்ததாகச் சொல்வதற்கு எனக்கு வழியில்லை.

புதன்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கோலியர்ஸ் வுட்டில் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் நூலகம். அங்கே ஒரு விளம்பரத் துண்டு ஒட்டியிருந்தது. நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் அரசனை எதிர்த்து எழுதியவர்கள் சுதந்திரம் என்று எதைச் சொன்னார்கள் என்பதைப் பற்றிப் பத்து வார வகுப்பு, காலை பத்தரைக்கு, கட்டணம் இல்லை. வீட்டில் சும்மா இருப்பதை விட நல்லது என்றுதான் போனேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள், என்னைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். நடத்தியவர் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்த வெள்ளைக்கார அம்மா. பழைய துண்டுப் பிரசுரங்களை போட்டோகொப்பி எடுத்து, கடினமான சொற்களுக்குப் பென்சிலால் பொருள் எழுதிக் கொண்டுவருவார்.

முதல் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் அடிமை இருக்கிறான். எசமான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை. வயிறு நிறையச் சாப்பாடு. விரும்பிய இடத்துக்குப் போகலாம். அவன் அடிமையா, இல்லையா?

எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவர் இருந்தார். "அவனுக்கு அதிர்ஷ்டம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: அந்தக் காலத்தில் எழுதிய பலருடைய பதில் வேறு. அவன் அடிமைதான் என்றார்கள். எசமான் அடிக்கிறானா என்று அவர்கள் பார்க்கவில்லை. அவன் அடிக்க நினைத்தால் யாராவது தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடியாது என்றால், அடிமை அனுபவிக்கும் அத்தனையும் எசமானின் தயவு. அப்படி வாழ்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுவான். வாயைத் திறப்பதற்கு முன் எசமானின் முகத்தைப் பார்ப்பான்.

எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று நான் சொன்னேன். வகுப்பில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. முகத்தாட்சணியம். அவர் என்னை மூன்று தடவை சொல்ல வைத்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.

"அது பயமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"மரியாதையா?"

"முழுக்க இல்லை."

"நன்றியா?"

"கொஞ்சம். ஒருவரின் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல முடியாமல் போவது. எங்களில் அது நல்ல குணம். அது இல்லாத ஆளை ஒரு மாதிரியான ஆள் என்போம்."

"இந்தச் சொல் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு தாள் மிச்சமாகியிருக்கும்" என்றார்.

அன்று டயரியில் இந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைவர் அறுபத்தைந்து தாண்டியவர். எங்களில் முதலில் இங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். இரண்டு பலசரக்குக் கடையும் ஒரு பெற்றோல் ஷெட்டும் வைத்திருந்தார். அவரை யாரும் தலைவர் என்று கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அண்ணை. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் படுக்க இடம் தந்து, வக்கீலிடம் கூட்டிப்போய், அங்கே என்ன சொல்ல வேண்டும், எதை நான்கு தரம் கேட்டாலும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் என்று பழக்கியவர் அவர். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த கிழமை ஏழு நாளும் தன் காரில் ஏற்றி இறக்கினார். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நிர்வாகக் குழுவில் அவரோடு சேர்த்து நாங்கள் ஒன்பது பேர். ஒருவர் அவருடைய பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்தார். ஒருவர் கடைக்கு மேலே உள்ள வீட்டில் குடியிருந்தார். இன்னொருவரின் மகனுக்கு முதல் வேலை அவர் சொல்லிக் கிடைத்தது. மற்றவர்களும் ஏதோ ஒரு வழியில் என்னைப் போலத்தான்.

குழுவில் அப்படி எதுவும் பெறாதவர் ஒருவர் இருந்தார். மேல் வகுப்புக்குப் படிப்பித்த டீச்சர். வயது நாற்பத்தைந்துக்குள். கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம். பதின்மூன்று வருடமாகப் பெரிய பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார். அந்தப் பிள்ளைகள் தமிழில் பேசச் சொன்னால் ஆங்கிலத்தில் பேசிவிட்டுக் கடைசியில் 'டீச்சர்' என்பதை மட்டும் சேர்ப்பார்கள். அவர் சலிக்க மாட்டார். "அது தமிழ்ச் சொல் இல்லை ராசா, அதையும் கழிச்சால் மிச்சம் என்ன?" என்று கேட்பார்.

எங்கள் யாப்பில், அதாவது சங்கத்தின் விதிகளில், ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அண்ணையின் இரண்டாவது தவணை முடிகிற வருடம் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அவர் கேட்கவில்லை. அவருக்காக மற்றவர்கள் கேட்டார்கள். வகுப்பின் இரண்டாம் வாரம் முடிந்த சனிக்கிழமை கூட்டம். வாடகைக்கு எடுத்த பள்ளியில், சிறு பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்கில் தேநீரும் ஒரு பெட்டி ரோல்ஸும் இருந்தன. ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும் என்று காவலாளி இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர்தான் எழுந்தார். "அண்ணை நல்லவர். அதில எனக்குச் சந்தேகமில்லை. அதாலதான் சொல்லுறன். நல்லவர் இருக்கேக்கையே உந்த வரியை எடுத்துப்போட்டம் எண்டால், பிறகு வாறவர் எப்படிப்பட்டவர் எண்டு ஆருக்குத் தெரியும்? அண்டைக்குத் திருப்பிப் போடச் சொல்லிக் கேக்க ஏலுமோ?"

பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்பவர் எங்கள் கூட்டங்களின் பகிடிக்காரர். "டீச்சர் தலைவருக்கு நிக்கப் போறா போல. போஸ்டர் அடிப்பமே?" என்றார்.

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

"நான் நிக்கேல்லை. நீங்கள் வேணுமெண்டால் நில்லுங்கோ."

"நானோ? எனக்கு அண்ணை ஷிப்ட் தரமாட்டார் பிறகு!"

இன்னும் பெரிய சிரிப்பு. அண்ணையும் சிரித்தார். ஷிப்ட் பற்றிச் சொன்னது பகிடி. ஆனால் அதில் பொய்யான ஒரு சொல் கிடையாது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

வாக்கெடுப்பு நடந்தது. எட்டுக் கைகள் எழுந்தன. என்னுடையது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ எழுந்திருக்கும். அதற்கு முன் ஒரு கணம் அண்ணையின் பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோல்ஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ஆனாலும் கை எழுந்தது. புதன்கிழமை அவ்வளவு அழகாக விளங்கப்படுத்தியவனுடைய கை.

பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏகமனதா எண்டு போடும்."

"அண்ணை, டீச்சர்..." என்றேன்.

"தெரியும். பிள்ளையள் நாளைக்கு எடுத்து வாசிக்கேக்கை நாங்கள் ஒற்றுமையா இருந்தம் எண்டு இருக்கட்டும். அதுக்குத்தான்."

டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். "என்ர பேர் வேண்டாம் அண்ணா. ஒராள் எதிர்த்தது எண்டு மட்டும் போடுங்கோ. அது காணும்."

காவலாளி மூன்றாம் தரம் கதவைத் திறந்தார். எல்லோரும் எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். நான் மேசையில் குனிந்து எழுதினேன். ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தச் சொல்லை எழுத எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருடமாகக் கை பழகிய சொல்.

இரண்டு கிழமைக்குள் டீச்சரின் மேல் வகுப்பு இன்னொருவருக்குப் போனது. வகுப்பு நேரசூசி மாற்றம் என்று சொன்னார்கள். டீச்சருக்கு அரிவரி வகுப்பு கிடைத்தது. நான்கு வயதுப் பிள்ளைகள். அவர் அதையும் எடுத்துப் படிப்பித்தார். ஆனால் சங்கங்களைக் கண்காணிக்கும் அரச அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். யாப்பை மாற்றிய விதம் சரியில்லை, எதிர்த்தவரின் எதிர்ப்புப் பதியப்படவில்லை, எதிர்த்ததற்காக வகுப்பு பறிக்கப்பட்டது என்று. அங்கிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. குறித்த கூட்டத்தின் குறிப்பை அனுப்பும்படி. பிரதி எடுத்து, உண்மைப் பிரதி என்று கையொப்பம் வைத்து, தபாலில் போட்டவன் நான்.

குறிப்பில் ஏகமனதாக என்று இருந்தது. அப்படியென்றால் டீச்சர் எதிர்க்கவில்லை. எதிர்க்காதவர் எதிர்த்ததாக அரச அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். அது பொய் முறைப்பாடு. பொய் முறைப்பாடு செய்து பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுத்தவரை நீக்கலாம் என்று யாப்பில் இன்னொரு வரி இருந்தது. அந்த வரியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சிநிரலில் டீச்சரை நீக்குவது ஐந்தாவது விடயமாக வந்தது. நிகழ்ச்சிநிரலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். பதின்மூன்று வருடம் படிப்பித்த ஒருவர் பொய் சொன்னவர் என்ற பெயரோடு வெளியே போவதா என்பது என் கையால் எழுதிய ஒரு சொல்லில் தொங்கியது.

அந்த வாரங்களிலும் புதன்கிழமை வகுப்புக்குப் போனேன். கொடுங்கோலனை யார் எதிர்க்கலாம் என்பது ஒரு நாள் பாடம். எல்லோரும் எழும்பலாம் என்று அந்தக் காலத்தில் எழுதியவர்கள் குறைவு என்று அந்த அம்மா சொன்னார். சாதாரண ஆள் பொறுத்துக்கொள்ளட்டும், ஓடட்டும், செபம் செய்யட்டும் என்றவர்கள் கூட ஓரிடத்தில் வேறு விதமாகச் சொன்னார்கள். அரசனுக்குக் கீழே உள்ள சிறிய அதிகாரிகள், நீதவான், நகரசபைக்காரன், ஒரு பதவியில் சத்தியம் செய்து உட்கார்ந்தவன், அவர்கள் எதிர்க்கலாம். எதிர்க்கவே வேண்டும். பதவி அரசனுக்காகத் தரப்பட்டதல்ல. அந்த ஊருக்காகத் தரப்பட்டது.

எலெக்ட்ரீசியன் கேட்டார்: "எவ்வளவு சிறிய அதிகாரி?"

"அதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை" என்றார் அந்த அம்மா.

நான் என் போட்டோகொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்னொரு புதன்கிழமை அவர் பாராளுமன்றத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னார். அரசனுடைய குற்றங்களை எல்லாம் பட்டியல் போட்ட ஒரு பெரிய பத்திரம். சில வாக்குகள் வித்தியாசத்தில் நிறைவேறியது. தோற்ற பக்கத்தில் ஒருவர் எழும்பி, எங்கள் எதிர்ப்பைப் பதிவேட்டில் எழுதுங்கள் என்றார். சபை குழம்பியது. வாளில் கை வைத்தார்கள். கேட்டவரைப் பிறகு சிறையில் போட்டார்கள்.

"ஒரு மினிட்ஸுக்காகவா?" என்று எலெக்ட்ரீசியன் கேட்க, வகுப்பு சிரித்தது.

"கவனியுங்கள்," என்றார் அந்த அம்மா, "சிறையில் போட்டது அரசனின் ஆட்கள் அல்ல. அரசனை எதிர்த்தவர்கள்."

நான் வெளியே வந்து நூலகத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் குழுவில் ஒன்பது பேரும் ஏதோ ஒரு துப்பாக்கிக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்தவர்கள். ஒருவருக்கு இராணுவத்தின் துப்பாக்கி, ஒருவருக்கு எங்களுடைய ஆட்களின் துப்பாக்கி, சிலருக்கு இரண்டும். நாங்கள் யாரும் டீச்சர் மீது கை வைக்கவில்லை. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே செய்துவிட்டோம்.

அன்று மத்தியானமே அண்ணையின் கடைக்குப் போனேன். பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவருடைய சின்ன அறை. தேநீர் வந்தது. மனைவியின் உடம்பு எப்படி என்று கேட்டார். குறிப்பைத் திருத்த வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் கோபப்படவில்லை.

"நான் உம்மட கையைப் பிடிச்சு எழுதினனானோ?"

"இல்லை."

"எழுதினது நீர். பிரதி எண்டு கையெழுத்து வைச்சதும் நீர். இப்ப பிழை எண்டு சொன்னால் மற்ற ஒன்பது வருச மினிட்ஸையும் ஆர் நம்புவினம்? அதை யோசிச்சீரே?"

யோசித்திருந்தேன். அந்தக் கிழமை நான்கு கொப்பிகளையும் டயரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதற்கு முன்னும் மூன்று தடவை கூட்டத்தில் யாரோ ஒருவர் மறுத்திருக்கிறார். மூன்று தடவையும் குறிப்பில் ஏகமனதாக என்று எழுதியிருக்கிறேன். அந்த மூன்று தடவையும் என்னிடம் யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கேல்லை," என்றார் அண்ணை. "ஒரு மன்னிப்புக் கடிதம் தரட்டும். விட்டிடுவம். நீர் சொல்லிப் பாரும். உம்மட கதை கேப்பா."

எழும்பும்போது ஒரு பை மாம்பழம் தந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் டயரியை எடுத்துக்கொண்டு டீச்சரின் வீட்டுக்குப் போனேன். பின்னேர ஷிப்டுக்குப் போக நீலச் சீருடையில் இருந்தார். சமையலறையில் நின்றபடியே கதைத்தோம். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் குறிப்பைத் திருத்தச் சொல்லப் போகிறேன், என்னிடம் அத்தாட்சி இருக்கிறது, அன்றன்றே எழுதிய டயரி என்று சொன்னேன். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அன்றைக்கு எழுதியதை நான் மறுபடி வாசித்திருந்தேன். ஆனால் எண்ணிக்கையைத் தேடித்தான் வாசித்திருந்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். சத்தமாகவே வாசித்தார்.

"நாலு பத்திலிருந்து நாலு முப்பத்தைந்து வரை வீண் விவாதம். டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டுக்கு ஒன்று. ஏகமனது எனப் பதிவு. வெளியே மழை."

முதல் வரிக்குத் திரும்பி விரலை வைத்தார். பிறகு, "வீண் விவாதம்" என்றார்.

"அண்டைக்கு நான்..."

"அண்ணா, இது ஆருக்கும் காட்ட எழுதினதில்லைத் தானே. உங்களுக்கு மட்டும் எழுதினது. உங்களுக்கு மட்டும் எழுதேக்கையும் இப்படித்தான் வந்திருக்கு."

கிணற்றுத் தண்ணீர் போலச் சுத்தமானது என்று நான் நினைத்திருந்த டயரி அது. கூட்டக் குறிப்பில் பொய் இருந்தாலும் வீட்டில் ஒரு கொப்பியில் உண்மை இருக்கிறது என்ற நினைப்பில்தான் அத்தனை வருடமும் அமைதியாகத் தூங்கினேன். அந்தக் கொப்பியும் அண்ணையின் முகத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருந்தது. அவர் இல்லாத அறையில், என் மேசையில்.

"இந்தப் பக்கத்தை அப்படியே வாசியுங்கோ," என்றார் டீச்சர். "அந்த ரெண்டு சொல்லையும் விடாமல். விட்டால் நானும் கள்ளி, நீங்களும் கள்ளன்."

கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். டீச்சர் சம்பந்தப்பட்டவர் என்பதால் அவரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். வகுப்பறைக் கதவின் கண்ணாடிக்கு அப்பால், பிள்ளைகளின் ஜாக்கெட் மாட்டும் கொளுக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எட்டுக்கு ஒன்று என்பதுதான் உண்மை, குறிப்பைத் திருத்த வேண்டும், பிழை என்னுடையது என்றேன். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றேன்.

பகிடிக்காரர் இந்தத் தடவை பகிடி விடவில்லை. "செயலாளர், வீண் விவாதம் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். பிறகென்ன?" என்று என்னைக் கேட்டார்.

இன்னொருவர், "டயரியை எப்பவும் எழுதலாம். நேற்று எழுதினதோ ஆர் கண்டது" என்றார். கடைக்கு மேல்வீட்டில் இருப்பவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அண்ணை எழுந்தார். மிக மெல்லிய குரலில் சொன்னார். "என்னால உங்களுக்குள்ள பிரச்சினை வேண்டாம். நான் போறன். நீங்கள் நடத்துங்கோ." மேசையிலிருந்த திறப்புக் கோர்வையை, பள்ளிக்கூட அலுமாரிகளின் சாவிகளை, என் பக்கம் தள்ளினார்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன அண்ணை கதை இது, இருங்கோ." "நீங்கள் இல்லாமல் ஆர்?" ஒருவர் கண்ணைத் துடைத்தார். அது நடிப்பல்ல. அவரை இழந்துவிடுவோமோ என்ற உண்மையான கலக்கம் அந்த அறையில் இருந்தது. அது என்னிடமும் இருந்தது. அந்த நிமிடத்தில் திறப்பை அவர் பக்கம் திருப்பித் தள்ளியவன் நான். கை தானாகச் செய்தது.

பிறகு வாக்கெடுப்பு. திருத்தம் வேண்டும் என்று ஒரு கை. வேண்டாம் என்று ஏழு. அண்ணைதான் கடைசியாகத் தூக்கினார், விருப்பமில்லாதவர் போல. அடுத்தது டீச்சரை நீக்குவது. அதுவும் அதே கணக்கு. இந்தக் கூட்டத்தின் குறிப்பை உதவிச் செயலாளர் எழுதட்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தப் பெடியனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கைக்குழந்தையாக இங்கே வந்தவன். என்னுடைய எதிர்ப்பைப் பதிய வேண்டும் என்று கேட்டேன். அவன் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணையைப் பார்த்தான். என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. கொப்பிகளை அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்தபோது கொளுக்கிகளுக்குக் கீழே யாரும் இல்லை. அந்த அரச அலுவலகத்துக்கு டயரிப் பக்கத்தின் பிரதியை ஒரு கடிதத்தோடு அனுப்பினேன். சில கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. இது சங்கத்தின் உள்விவகாரம், உறுப்பினர்களே தங்கள் விதிகளின்படி தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று. நியாயமான பதில்தான். மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கூட்டம் நடந்த அன்று பின்னேரமே டீச்சருக்கு போன் எடுத்தேன். பஸ் தரிப்பில் நின்றார். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். நீக்கிவிட்டார்கள் என்றேன்.

"எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"ஏழுக்கு ஒன்று."

"நீங்கள் ஒராள்."

"ஓம்."

"அண்டைக்கு நான் ஒராள். இண்டைக்கு நீங்கள் ஒராள்." குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கணக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "அண்டைக்கு நீங்கள் கை தூக்காமல் சும்மா இருந்திருந்தாலே ரெண்டு பேர். ரெண்டு பேர் எண்டால் ஏகமனது எண்டு போடச் சொல்ல அவைக்கும் வாய் வந்திராது. உங்களுக்கும் எழுதக் கை வந்திராது."

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பஸ் வந்திட்டுது அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் இரண்டு தரம் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை.